சூதாட்டத்தைத் தடுக்கும் ஆணையத்துக்கு யார் காசு? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கருவூலக் கணக்குத் துறையில் முப்பத்தொரு ஆண்டுகள் பில் பார்த்து ஓய்வு பெற்றவன் நான். மேற்கு மாம்பலத்தில் ஞாயிறு காலைகளில் ஓய்வூதிய மனு, தகவல் உரிமை மனு என்று எழுதிக் கொடுக்கிறேன். சில ஆண்டுகளாக 'ஆன்லைன் ஆட்டத்தில் பணம் போயிற்று' என்று வரும் குடும்பங்கள் கூடியிருக்கின்றன. மனு முடிந்ததும் பேச்சு தமிழ்நாடு இணையவழி விளையாட்டு ஆணையத்தின் பக்கம் திரும்பும். அடுத்த நிமிடமே, 'அதற்கெல்லாம் யார் காசு கொடுக்கிறார்கள்?' என்று ஒருவர் கேட்பார். வாரா வாரம் அதே சந்தேகங்கள். வாய் வலித்ததால் எழுதி வைத்துவிட்டேன். கேள்விகள் கேட்டவர்களுடையவை, பேச்சு வழக்கை மட்டும் எழுத்துக்கு மாற்றியிருக்கிறேன்.

இப்படி ஓர் ஆணையம் இருப்பதே எனக்குத் தெரியாது. அங்கே உட்கார்ந்து என்ன செய்கிறார்கள்?

தெரியாதது உங்கள் குற்றமல்ல. தலைமைச் செயலாளர் நிலையில் பணியாற்றி ஓய்வு பெற்ற ஓர் ஐ.ஏ.எஸ். அதிகாரி தலைவர். அவரோடு ஓய்வு பெற்ற காவல்துறை உயர் அதிகாரி ஒருவர், தகவல் தொழில்நுட்பம் தெரிந்தவர் ஒருவர், உளவியலாளர் ஒருவர், இணைய விளையாட்டுத் துறையை அறிந்தவர் ஒருவர். ஆக ஐந்து பேர். 2023இல் நியமிக்கப்பட்டார்கள்.

எது அதிர்ஷ்டத்தை மட்டும் நம்பிய ஆட்டம் என்று அடையாளம் கண்டு அரசுக்குச் சொல்வது, தமிழ்நாட்டில் இருந்து ஆட்டம் நடத்தும் நிறுவனங்களைப் பதிவு செய்வது, விதிமுறை வகுப்பது, புகார்களை விசாரிப்பது ஆகியவை அவர்கள் வேலை. 2025 பிப்ரவரியில் அறிவிக்கப்பட்ட விதிமுறைகளைச் செய்தித்தாளில் பார்த்திருப்பீர்கள்: பணம் வைத்து ஆடும் ஆட்டங்களில் 18 வயதுக்குக் கீழே அனுமதி இல்லை, ஆதார் மூலம் அடையாளச் சரிபார்ப்பு, நள்ளிரவு 12 முதல் காலை 5 வரை ஆட்டம் கிடையாது. இரவுத் தடையை எதிர்த்து நிறுவனங்கள் வழக்குப் போட்டன. 2025 ஜூன் 3 அன்று சென்னை உயர் நீதிமன்றம் விதிமுறைகள் செல்லும் என்றது.

ஆணையத்தை அமைத்த சட்டத்தின் பெயரில் 2022 என்று இருக்கிறது, ஆனால் 2023இல் வந்தது என்கிறார்கள். எது சரி?

இரண்டும். கதை கொஞ்சம் நீளம். முதலில் 2020 நவம்பரில் ஓர் அவசரச் சட்டம், பிறகு 2021இல் சட்டம். திறமை ஆட்டம், அதிர்ஷ்ட ஆட்டம் என்று பாராமல் எல்லாவற்றையும் தடுத்ததால் 2021 ஆகஸ்ட் 3 அன்று உயர் நீதிமன்றம் அதை ரத்து செய்தது. 2022இல் ஓய்வு பெற்ற நீதிபதி கே. சந்துரு தலைமையில் குழு அமைந்தது. அதன் அறிக்கைக்குப் பின் அந்த ஆண்டு அக்டோபரில் மறுபடி அவசரச் சட்டம், அதே மாதம் 19ஆம் தேதி சட்டமன்றத்தில் மசோதா. ஆளுநர் 2023 மார்ச்சில் அதைத் திருப்பி அனுப்பினார். மார்ச் 23 அன்று சட்டமன்றம் மீண்டும் நிறைவேற்றியது. ஏப்ரலில் ஒப்புதல் கிடைத்து, 21ஆம் தேதி நடைமுறைக்கு வந்தது.

அதோடும் முடியவில்லை. 2023 நவம்பர் 9 அன்று உயர் நீதிமன்றம் சட்டத்தை ஏற்றுக்கொண்டு, ரம்மியையும் போக்கரையும் தடை செய்த அட்டவணையை மட்டும் நீக்கியது. அவை திறமை ஆட்டங்கள் என்பது காரணம். ரம்மி பெரும்பாலும் திறமை சார்ந்தது என்று உச்ச நீதிமன்றம் 1967லேயே சொல்லியிருக்கிறது. இந்தத் தேதிகளை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். கீழே பண விஷயத்தில் இவை திரும்ப வரும்.

பணம் மத்திய அரசு தருகிறதா, மாநில அரசா?

மாநில அரசு. அரசமைப்புச் சட்டத்தின் ஏழாவது அட்டவணையில், மாநிலப் பட்டியலின் 34ஆவது இனம் 'பந்தயமும் சூதாட்டமும்'. அதை நம்பித்தான் தமிழ்நாடு சட்டம் இயற்றியது. மாநிலம் தன் சட்டத்தால் உண்டாக்கிய அமைப்புக்கு மாநிலமே சோறு போட வேண்டும்.

'அரசு நிதி ஒதுக்கியது' என்று செய்தியில் வருகிறதே, பணம் உண்மையில் எங்கிருந்து கிளம்பி எங்கே போகிறது?

நான் முப்பத்தொரு ஆண்டுகள் பார்த்த வேலை இது என்பதால் கொஞ்சம் பொறுமையாகக் கேளுங்கள். மாநில அரசுக்கு வரும் வரி, கட்டணம், கடன் எல்லாம் ஒரே பானையில் விழுகின்றன. அதற்கு மாநிலத் தொகுப்பு நிதி என்று பெயர். அரசமைப்புச் சட்டத்தின் 266ஆம் பிரிவு. சட்டமன்றம் சொல்லாமல் அந்தப் பானையிலிருந்து ஒரு ரூபாய் எடுக்க முடியாது. முதலமைச்சராலும் முடியாது.

ஒவ்வொரு துறையும் அடுத்த ஆண்டுக்கு என்ன வேண்டும் என்று நிதித் துறைக்கு எழுதும். அங்கே பாதி வெட்டுப்படும். மீதி பட்ஜெட்டாக வரும். பிறகு துறைவாரியாக மானியக் கோரிக்கை, அதாவது இந்தத் துறைக்கு இவ்வளவு வேண்டும் என்று சட்டமன்றத்திடம் கேட்பது. அமைச்சர் எழுந்து கொள்கை விளக்கக் குறிப்பு வைத்துப் பேசுவார், எதிர்க்கட்சிகள் தொகையைக் குறைக்கச் சொல்லி வெட்டுத் தீர்மானம் கொடுப்பார்கள், வாக்கெடுப்பு நடக்கும். கடைசியில் நிதி ஒதுக்கச் சட்டம். அதற்குப் பிறகுதான் பணத்துக்குச் சட்டப்படி உயிர் வருகிறது. நம் ஆணையம் உள், மதுவிலக்கு மற்றும் ஆயத்தீர்வைத் துறையைச் சேர்ந்தது. ஆகவே அதன் செலவு அந்தத் துறையின் வழியாக வருகிறது.

இதன் பிறகும் யாரும் பணப்பையைத் தூக்கிக்கொண்டு ஆணையத்துக்குப் போவதில்லை. அரசாணை வரும். எந்தக் கணக்குத் தலைப்பில் எவ்வளவு என்று இருக்கும்: சம்பளம், வாடகை, அலுவலகச் செலவு, விளம்பரம், பயணம். பில் போட்டால் கருவூலம் அல்லது சம்பளக் கணக்கு அலுவலகம் பார்த்துத் தேற்றும். வாடகைக்கு வைத்த பணத்தில் கணினி வாங்க முடியாது. வாங்கினால் அந்தப் பில்லைத் திருப்பி அனுப்புகிற மனிதன் ஒருவன் இருப்பான். என்னைத் திட்டியவர்கள் எத்தனை பேர்!

பட்ஜெட் உரையை முழுக்கக் கேட்டேன். ஆணையத்தின் பெயரே வரவில்லை. மறைக்கிறார்களா?

பட்ஜெட் உரை கல்யாணப் பத்திரிகை மாதிரி. சமையல் கணக்கு அதில் இருக்காது. அமைச்சர் படிப்பது பெரிய திட்டங்களை மட்டும். தனித்தனி அலுவலகங்களின் செலவு விரிவான மானியக் கோரிக்கைப் புத்தகங்களில் கணக்குத் தலைப்பு வாரியாக இருக்கும். அவை நிதித் துறையின் இணையதளத்தில் எல்லோரும் பார்க்கும்படி கிடைக்கின்றன. ஒவ்வொரு வரியிலும் மூன்று விதமான தொகைகள் இருக்கும்: முடிந்த ஆண்டின் உண்மைச் செலவு, நடப்பு ஆண்டின் திருத்த மதிப்பீடு, வரும் ஆண்டின் பட்ஜெட் மதிப்பீடு. நான் முதலில் பார்ப்பது உண்மைச் செலவைத்தான். மதிப்பீட்டில் கோடி இருந்து, செலவில் சில லட்சம் இருந்தால் அந்த அலுவலகம் இன்னும் நாற்காலி வாங்கிக்கொண்டிருக்கிறது என்று பொருள்.

இன்னொன்று. சூதாட்டத் தடுப்புக்கு மாநிலம் செய்யும் மொத்தச் செலவு ஆணையத்தின் வரியில் மட்டும் இல்லை. சோதனை போடுவது, கைது செய்வது, வழக்குப் பதிவது காவல்துறை. அந்தச் சம்பளம் காவல் மானியத்தில். உயர் நீதிமன்றத்தில் வாதாடுகிற செலவு பெரும்பாலும் வேறு தலைப்பில். ஆணையத்தின் ஒரு வரியைப் பார்த்து 'இவ்வளவுதானா' என்பதும் தவறு, 'இவ்வளவா' என்பதும் தவறு.

பட்ஜெட் போட்ட பிறகு உருவான அமைப்புக்கு எப்படிப் பணம் தருவார்கள்?

நல்ல கேள்வி. கேட்டவர் ஒரு கல்லூரி மாணவர். மேலே சொன்ன தேதிகளைப் பாருங்கள். 2023–24 பட்ஜெட் தாக்கலானது மார்ச் 20 அன்று. மசோதா மறுபடி நிறைவேறியது மார்ச் 23. சட்டம் நடைமுறைக்கு வந்தது ஏப்ரல் 21. பந்தி பரிமாறிய பிறகு வந்த விருந்தாளி.

இப்படிப்பட்ட நேரங்களுக்கென்றே துணை மானியக் கோரிக்கை (ஆண்டின் நடுவே கூடுதலாகக் கேட்பது) இருக்கிறது, அரசமைப்பின் 205ஆம் பிரிவு. புதிதாகத் தொடங்கும் செலவை 'புதுப் பணி' என்பார்கள். துறைக்குள் வேறெங்காவது மிச்சம் இருந்தால்கூட, சட்டமன்றத்துக்குத் தெரியாமல் புதுப் பணிக்குத் திருப்பிவிடக் கூடாது. பெயரளவுக்கு ஒரு சிறு தொகையைத் துணை மானியத்தில் வைத்தாவது ஒப்புதல் வாங்க வேண்டும். அதற்குள் அவசரம் என்றால் எதிர்பாராச் செலவு நிதியிலிருந்து முன்பணம் எடுத்து, பிறகு ஈடு செய்வார்கள்.

எவனோ சூதாடுவதற்கு என் வரிப்பணம் எதற்கு? அந்தக் கம்பெனிகளிடமே வாங்கி ஆணையத்தை நடத்தட்டுமே!

அதிகம் பேர் கேட்ட கேள்வி, அதிகக் கோபத்தோடு கேட்டதும் இதுதான். நியாயமான கோபம். வெளிநாட்டில் அப்படி நடக்கவும் செய்கிறது. பிரிட்டனில் 2005ஆம் ஆண்டுச் சட்டத்தால் அமைந்த சூதாட்ட ஆணையம், பெரும்பாலும் நிறுவனங்கள் கட்டும் உரிமக் கட்டணத்தில் நடக்கிறது. அது போதாதென்று 2025 ஏப்ரல் முதல், ஆட்டக்காரர்களிடம் நிறுவனங்கள் அடையும் நிகர வரவில் 0.1 முதல் 1.1 சதவீதம் வரை ஒரு கட்டாயத் தொகையும் வாங்குகிறார்கள். அடிமையானவர்களின் சிகிச்சைக்கும், தடுப்புக்கும், ஆய்வுக்கும் அது போகிறது. அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலம் 2011இல் சூதாட்ட விடுதிகளை அனுமதித்தபோது, ஆணையத்தைத் தொடங்க அரசின் சேமிப்பு நிதியிலிருந்து கடனாகக் கொடுத்துவிட்டு, பிறகு விடுதிகளிடம் வசூலித்துக்கொண்டது.

ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். அங்கெல்லாம் சூதாட்டம் அனுமதி பெற்ற தொழில். இந்தியாவிலும் சிக்கிம், நாகாலாந்து மாநிலங்கள் உரிமம் கொடுத்துக் கட்டணம் வாங்கும் வழியில் சட்டம் இயற்றின. தமிழ்நாடு போனது தடை வழி. தடை செய்யப்பட்டவனிடம் உரிமக் கட்டணம் வாங்க முடியாது. வாங்கத் தொடங்கினால் தடை தளர்ந்துவிடும். நிறுவனங்கள் பெருகினால்தான் ஆணையத்துக்குச் சம்பளம் என்றால், நிறுவனங்கள் குறைய வேண்டும் என்று அந்த ஆணையம் எந்த மனதோடு வேலை செய்யும்? வேலியின் கூலியை ஆடு கொடுக்கக் கூடாது. என் கட்சி இதுதான்: தடுப்பு வேலைக்குப் பொதுப் பணம்தான் சரி. ஆனால் பொதுப் பணம் என்றால் கணக்கும் பொதுவில் இருக்க வேண்டும். அதைப் பற்றிக் கடைசியில் வருகிறேன்.

நிறுவனங்கள் பதிவுக்குக் கட்டணம் கட்ட வேண்டும் என்று சட்டத்திலேயே இருக்கிறதே? அந்தப் பணம் ஆணையத்தின் கைக்குத்தானே போகும்?

கட்டணம் உண்டு. ஆனால் மேலே சொன்ன பானையை நினைத்துப் பாருங்கள். அரசின் சார்பில் வாங்கும் எந்தக் கட்டணமும், சட்டம் தனி நிதி என்று ஒன்றை ஏற்படுத்தாத வரை, தொகுப்பு நிதியில்தான் விழும். பிறகு ஆணையத்துக்கு வேண்டியது மானியமாகத் திரும்பி வரும். வாங்கின கைக்கும் செலவழிக்கும் கைக்கும் நடுவில் சட்டமன்றம் நிற்கும்.

'அப்படியானால் கட்டணத்துக்கும் வரிக்கும் என்ன வேறுபாடு?' என்று ஒரு கணக்குப்பிள்ளை மடக்கினார். இதற்கு நம் ஊர் வழக்கு ஒன்று இருக்கிறது. சிரூர் மட வழக்கு, 1954. சென்னை மாகாணத்தின் 1951ஆம் ஆண்டு அறநிலையச் சட்டம், மடங்களும் கோயில்களும் ஆண்டு வருமானத்தில் 5 சதவீதம் வரை அரசுக்குக் கட்ட வேண்டும் என்றது. உச்ச நீதிமன்றம் பார்த்தது: பணம் பொதுப் பானையில் கலக்கிறது, செய்கிற சேவைக்கென்று தனியே வைக்கப்படவில்லை. ஆகவே பெயர் கட்டணமாக இருந்தாலும் இது வரி, மாநிலத்துக்கு அந்த வரி போட அதிகாரம் இல்லை என்று தள்ளியது. பின்னாளில் வந்த தீர்ப்புகள் அந்தக் கறார்த்தனத்தைத் தளர்த்தின. ரூபாய்க்கு ரூபாய் சேவை காட்ட வேண்டியதில்லை. ஆனாலும் பதிவுக் கட்டணத்தை வானத்துக்கு உயர்த்தி அதிலேயே எல்லாச் செலவையும் ஓட்டிவிடலாம் என்று யாராவது சொன்னால், வழக்கறிஞர்கள் முதலில் எடுக்கும் ஆயுதம் அந்த மடத்து வழக்குதான்.

ஜி.எஸ்.டி.யில் 28 சதவீதம், அப்புறம் 40 சதவீதம் என்று வாங்கினார்களே. அதில் கொஞ்சம் கொடுத்தாலே போதாதா?

2023 அக்டோபர் 1 முதல், ஆடுபவர் கட்டும் முழுத் தொகையின் மீது 28 சதவீதம். 2025 செப்டம்பர் 22 முதல் 40. இதில் மாநிலத்தின் பங்கும் உண்டு. ஆனால் அதுவும் பானைக்குத்தான். ஆணையத்துக்கென்று குழாய் கிடையாது.

ஒரு காலத்தில் பந்தயத்துக்கும் சூதாட்டத்துக்கும் வரி போடும் உரிமை மாநிலப் பட்டியலின் 62ஆவது இனத்தில் மாநிலத்துக்கே இருந்தது. 2016இல் ஜி.எஸ்.டி.க்காக அரசமைப்பைத் திருத்தியபோது அது போய்விட்டது. சூதாட்டத்தைத் தடுக்கும் பொறுப்பு 34ஆவது இனத்தில் மாநிலத்திடமே இருக்கிறது, வரி போடும் உரிமை மட்டும் ஜி.எஸ்.டி. கவுன்சிலுக்குப் போனது. வாடகையை ஒருவர் வாங்க, கூரை ஒழுகினால் இன்னொருவர் ஏற வேண்டும். வேடிக்கை என்னவென்றால், 40 சதவீதம் நடைமுறைக்கு வந்தபோது வரி போடவேண்டிய ஆட்டங்களையே தடை செய்யும் மத்திய சட்டம் ஏற்கெனவே நிறைவேறியிருந்தது. அதைப் பற்றிக் கீழே வருகிறேன்.

அபராதமாவது ஆணையத்துக்கு வருமா?

வராது. ஆடுபவருக்கு 3 மாதம் வரை சிறை அல்லது 5,000 ரூபாய் வரை அபராதம், விளம்பரம் செய்பவருக்கு ஓராண்டு அல்லது 5 லட்சம், நடத்துபவருக்கு 3 ஆண்டு அல்லது 10 லட்சம். இரண்டும் சேர்ந்தும் விதிக்கலாம். விதிப்பது நீதிமன்றம். தொகை அரசுக் கணக்கில் சேரும். வராமலிருப்பதே நல்லது. அபராதத்தில் பங்கு என்றால் அபராதம் போடக் கை பரபரக்கும்.

டாஸ்மாக் கடையை நடத்துகிற அரசு, சூதாட்டத்தைத் தடுக்க ஆணையம் வைக்கிறதா? சிரிப்பு வரவில்லையா உங்களுக்கு?

வருகிறது. ஆணையம் இருக்கும் துறையின் பெயரிலேயே மதுவிலக்கும் இருக்கிறது, ஆயத்தீர்வையும் இருக்கிறது. 2023–24இல் டாஸ்மாக் வழியே அரசுக்கு வந்த வருவாய் 45,855 கோடி ரூபாய். அந்தத் தொகைக்குப் பக்கத்தில் இந்த ஆணையத்தின் செலவு கடுகளவு.

லாட்டரியையும் சேர்த்துப் பாருங்கள். 1968இல் மாநில அரசே பரிசுச் சீட்டு நடத்தத் தொடங்கியது. 'விழுந்தால் வீட்டுக்கு, விழாவிட்டால் நாட்டுக்கு' என்ற வாசகம் அறுபது வயதைத் தாண்டியவர்களுக்கு நினைவிருக்கும். 2003 ஜனவரியில் லாட்டரிக்குத் தடை. அதே 2003 நவம்பரில் மதுச் சில்லறை விற்பனை முழுக்க டாஸ்மாக் கைக்கு வந்தது. ஒரு கையால் விட்டதை மறு கையால் பிடித்தது என்று சொல்பவர்களை நான் மறுக்க மாட்டேன். ஆனால் ஒன்றைச் செய்யவில்லை என்பதற்காக இன்னொன்றையும் செய்யாதே என்று கேட்பது எனக்கு ஒப்பவில்லை.

கிண்டிக் குதிரைப் பந்தயம், தெருவில் சீட்டாட்டம் எல்லாம் இந்த ஆணையத்தின் கீழ் வருமா?

வராது. பெயரிலேயே இணையவழி என்று இருக்கிறது. தெருச் சீட்டாட்டத்துக்கு சென்னை நகரில் 1888ஆம் ஆண்டு நகரக் காவல் சட்டம், வெளியே 1930ஆம் ஆண்டுச் சூதாட்டச் சட்டம். இரண்டும் காவல் நிலைய வேலை. குதிரைப் பந்தயத்தைத் திறமை ஆட்டம் என்று உச்ச நீதிமன்றம் 1996இல் தீர்த்துவிட்டது.

2025 ஆகஸ்டில் மத்திய அரசே பணம் வைத்து ஆடும் ஆட்டங்களைத் தடை செய்துவிட்டது. இனி மாநில ஆணையத்துக்குச் செலவழிப்பது வீண்தானே?

இதற்கு ஒரே வரியில் பதில் சொல்பவர்களை நம்பாதீர்கள். மத்திய சட்டம் 2025 ஆகஸ்ட் 22 அன்று குடியரசுத் தலைவரின் ஒப்புதல் பெற்றது. திறமை, அதிர்ஷ்டம் என்ற பிரிவினையே அதில் இல்லை. பணம் வைத்தால் தடை. நடத்துபவருக்கு 3 ஆண்டு வரை சிறை, 1 கோடி வரை அபராதம். ஆடுபவருக்குத் தண்டனை இல்லை. பெரிய நிறுவனங்கள் அந்த மாதமே பண ஆட்டங்களை நிறுத்தின. எதிர்த்துப் போடப்பட்ட வழக்குகள் உச்ச நீதிமன்றத்துக்கு மாற்றப்பட்டன. அந்த மசோதாவோடு இணைத்த நிதிக் குறிப்பைத் தேடிப் படியுங்கள்: அந்தச் சட்டம் சொல்லும் மத்திய ஆணையத்துக்குத் தொடக்கச் செலவு சுமார் 50 கோடி, ஆண்டுதோறும் சுமார் 20 கோடி, இந்தியத் தொகுப்பு நிதியிலிருந்து. டெல்லியும் பொதுப் பணத்தைத்தான் நம்புகிறது.

மாநில ஆணையத்தின் நிலை என்ன? பண ஆட்டமே இல்லையென்றால் ஆதார் சரிபார்ப்பும் இரவுத் தடையும் யாருக்கு? பதிவுக் கட்டணத்தை எதிர்பார்க்கவும் இடம் குறைந்தது. அதாவது வேலையில் ஒரு பெரும்பகுதி சுருங்கி, செலவு முழுக்க அரசின் தலையில் நிற்கிறது. மறுபக்கம், வெளிநாட்டிலிருந்து நடக்கும் பந்தயத் தளங்கள் எந்தச் சட்டத்தையும் பார்த்துப் பயப்படவில்லை. உரிமம் பெற்ற கடை மூடினால் கள்ளக் கடைக்குக் கூட்டம் கூடும். பணமில்லாத ஆட்டங்களில் நேரத்தைத் தொலைக்கும் பிள்ளைகளும் இருக்கிறார்கள்.

ஆணையத்தை மூடு என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் பழைய வேலைப் பட்டியலுக்குப் பழைய தொகையையே கேட்டு வருவதும் சரியில்லை. அடுத்த கொள்கை விளக்கக் குறிப்பில், இனி எந்த வேலைக்கு எவ்வளவு என்று மாற்றி எழுதிக் காட்ட வேண்டும். பதிவுப் பிரிவில் மிச்சமாகும் பணம் விழிப்புணர்வுக்கும் மனநல ஆலோசனைக்கும் போனால் நான் மகிழ்வேன்.

கள்ளத் தளங்கள் இன்னும் என் கைப்பேசியில் விளம்பரம் காட்டுகின்றன. ஆணையம் ஏன் முடக்கவில்லை? பணம் போதவில்லையா?

பணம் இங்கே காரணமில்லை, அதிகாரம்தான். இணையதளத்தை முடக்க உத்தரவிடும் அதிகாரம் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 69ஏ பிரிவில் மத்திய அரசிடம் இருக்கிறது. சென்னையிலிருந்து எழுதலாம், பட்டியல் அனுப்பலாம், நினைவூட்டலாம். முடக்கிய தளம் மறுநாள் பெயரில் ஓர் எழுத்தை மாற்றிக்கொண்டு வந்தால் மறுபடி எழுத வேண்டும். நூறு கோடி ஒதுக்கினாலும் கடிதம் கடிதம்தான்.

அரசு சம்பளம் கொடுக்கிறது, அரசே ஆளைப் போடுகிறது. அப்படியானால் அந்த ஆணையம் அரசுக்குப் பிடிக்காததைச் சொல்லுமா?

தேர்வாணையச் செலவும் உயர் நீதிமன்ற நீதிபதிகளின் சம்பளமும் சட்டமன்ற வாக்கெடுப்புக்கு வராமலே தொகுப்பு நிதியிலிருந்து கிடைக்கும்படி அரசமைப்பு வைத்திருக்கிறது. யாரும் கோபத்தில் குறைத்துவிடக் கூடாது என்பதற்காக. நம் ஆணையத்துக்கு அந்தக் கவசம் இல்லை. ஆண்டுதோறும் துறையின் வழியாகக் கேட்டு வாங்க வேண்டும்.

ஆகவே உங்கள் ஐயம் சரி. கம்பெனிக் காசில் வாழ்ந்தால் கம்பெனிக்கு வளைய வேண்டும், அரசுக் காசில் வாழ்ந்தால் அரசுக்கு. இரண்டில் எனக்கு இரண்டாவது குறைந்த ஆபத்தாகத் தெரிகிறது. அரசுப் பணத்தின் கணக்கை நீங்களும் நானும் கேட்டு வாங்க முடியும். தனியார் நிறுவனத்தின் கணக்கை அப்படிக் கேட்க முடியாது.

கணக்கை யார் பார்க்கிறார்கள்?

மெட்ரோவில் 'ஏ.ஜி. – டி.எம்.எஸ்.' என்று ஒரு நிலையம் இருக்கிறதே, அந்த ஏ.ஜி. யார் என்று எத்தனை பேருக்குத் தெரியும்? மாநிலக் கணக்காயர். அண்ணா சாலையில் இருக்கும் அந்த அலுவலகம் இந்தியக் கணக்குத் தணிக்கைத் துறைத் தலைவரின் கீழ் வேலை செய்கிறது. அரசுப் பணம் போன இடத்தையெல்லாம் அவர்கள் தணிக்கை செய்யலாம். அறிக்கை ஆளுநர் வழியே சட்டமன்றத்துக்கு வரும். பிறகு பொதுக் கணக்குக் குழு அதிகாரிகளைக் கூப்பிட்டுக் கேட்கும். மெதுவான வண்டி. நான் பணியிலிருந்தபோது, ஒரு தணிக்கைக் கேள்விக்குப் பதில் எழுத வேண்டியவர் ஓய்வு பெற்று, அடுத்தவரும் ஓய்வு பெற்று, மூன்றாமவர் எழுதியதைப் பார்த்திருக்கிறேன்.

அதுவரை காத்திருக்க முடியாது. நானே கேட்க என்ன வழி?

தகவல் உரிமைச் சட்டம், 2005. பத்து ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை, ஒரு வெள்ளைத்தாள், முப்பது நாள். 'ஆணையத்துக்கு எவ்வளவு கொடுத்தீர்கள்?' என்று மொட்டையாகக் கேட்டால் மொட்டையாகத்தான் பதில் வரும். ஒரு முறை நானே அப்படிக் கேட்டு, 'பட்ஜெட் ஆவணங்களைப் பார்க்கவும்' என்ற ஒற்றை வரியை ஓர் அலுவலகத்திடமிருந்து பெற்றேன். புத்தி வந்தது. குறிப்பிட்ட நிதியாண்டைச் சொல்லுங்கள். ஒதுக்கீடு, விடுவித்த தொகை, உண்மைச் செலவு என்று மூன்றையும் தனித்தனியாகக் கேளுங்கள். கணக்குத் தலைப்பு வாரியாக வேண்டும் என்று எழுதுங்கள். அரசாணை நகல் கேளுங்கள். எத்தனை புகார் வந்தன, எத்தனை முடிந்தன என்பதையும் சேர்த்துக் கேட்டால், செலவுக்கும் வேலைக்கும் பொருத்தம் தெரியும்.

கடைசியாக ஒன்று, ஐயா. என் மகன் தோற்ற நான்கு லட்சத்தை இந்த ஆணையம் அதன் நிதியிலிருந்து திருப்பித் தருமா?

தராது, அம்மா. அதற்கென்று நிதியே கிடையாது. மேலே சொன்ன எந்தத் தலைப்பிலும் இழப்பீடு என்ற சொல் இல்லை. பந்தயத்தில் வென்ற பணத்தை வசூலிக்க வழக்குப் போட முடியாது என்று 1872ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டமே சொல்கிறது; தோற்ற பணத்தைச் சட்டத்தின் வழியே மீட்பதும் எளிதல்ல. ஆனால் போலிச் செயலியில் ஏமாந்து பணம் போயிருந்தால் அது வேறு. அது மோசடி. உடனே 1930 என்ற எண்ணில் சொல்ல வேண்டும். பழைய சூதாட்டச் சட்டத்தின் ஆண்டும் அதுவே என்பதால் மறக்காது. எவ்வளவு சீக்கிரம் சொல்கிறோமோ அவ்வளவுக்குப் பணம் வங்கியிலேயே நிறுத்தப்படும் வாய்ப்பு உண்டு.

மகன் அறையைப் பூட்டிக்கொண்டு இருக்கிறான், சாப்பிடவில்லை என்றீர்களே, அதற்கு மனு வேண்டாம். 14416 இலவச மனநல உதவி எண். 104 மாநிலச் சுகாதார உதவி எண். இரண்டிலும் தமிழில் பேசலாம். இன்றே பேசுங்கள். மனுவை அடுத்த ஞாயிறு எழுதுவோம். வரும்போது வங்கிக் கணக்கு அறிக்கையை அச்சிட்டு எடுத்து வாருங்கள். கைப்பேசித் திரையில் காட்டினால் எனக்குக் கண் தெரிவதில்லை.